நாகலிங்க விறகு

பாளையங்கோட்டை
20.11.92

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், கவலைப்படாதே.

வெள்ளத்தால் விடுதிக்கு விறகு வரவில்லை. சமையல்கார இசக்கித்தாய் வேலியோர அரளியை வெட்டி வந்தாள். அதன் புகையே விஷம் என்றேன்; கொட்டகையில் காய்ந்து கிடக்கும் நாகலிங்க மரத்தை எரிக்கச் சொன்னேன்.

"சாமி மரத்த எரிச்சா குடும்பம் வெளங்குமா, வார்டனம்மா? அரளிப் புகையில கொசுவாவது சாவும்லா" என்றாள்.

நேற்று நானே நாகலிங்கத்தை அடுப்பில் வைத்துச் சமைத்தேன். மாணவிகள் ஒருத்தியும் சாப்பிட வரவில்லை. எல்லோரும் பட்டினியாகப் படுத்தார்கள்.

இன்று அரளிதான் எரிகிறது. நான் தடுக்கவில்லை. பிள்ளைகள் இருமிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

உன் கஷாயப்பொடியை அறுபது பேருக்குக் காணும் அளவுக்கு அனுப்புவாயா? அது இதற்கு மருந்தில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
பர்வதம்