ஒத்திகையில் விழுந்த அடி

ஏங்க, நல்லா தூங்குறீங்க, எழுப்பவில்லை. சாப்பாடு சமையல் மேடைமேல் மூடி வைத்திருக்கிறேன். வீங்கின கையை ஐஸில் வையுங்கள், மோதிரம் கழன்று வரும்.

நம் பெண் கல்யாணத்தை உங்கள் பூர்வீகத் தீவில்தான், அந்த ஊர் வழக்கப்படிதான், சனி ஞாயிறு இரண்டு நாள் நடத்தணும் என்று அடம்பிடித்தது நீங்கள். பெண்ணின் அப்பா வாசலை மறிக்க, மாப்பிள்ளை வீட்டார் தள்ளிக்கொண்டு உள்ளே வரணும். வெறும் விளையாட்டு. நேற்று ஒத்திகையில் சம்பந்தியின் மூக்கை உடைத்துவிட்டீர்கள். "உங்க பொண்ணுக்கு வாய் நீளம், நாலு தட்டு தட்டினா சரியாயிடும்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அதுக்காக இப்படியா? சட்டையெல்லாம் ரத்தம். மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டெய்லர் கல்யாண ஜாக்கெட் கொண்டுவருவார், வாங்கி வையுங்கள்.

பின்குறிப்பு: இதை எழுதும்போதே நம் பெண் எழுந்து வந்து, முழுக்கைச் சட்டையை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போயிருக்கிறது. எதிர்த்துப் பேசினதுக்கு மாப்பிள்ளையின் கைவரிசையாம், அதுவும் முதல் தடவை இல்லையாம்.

டெய்லரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அவன் வீட்டுக்குப் போகிறேன். நேற்று நீங்கள் ஆளை மாற்றி அடித்துவிட்டீர்கள்.

சுத்தியலைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது.