மைனாவின் இறக்கைமேல் எழுபது மூட்டை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதான பாவனை மட்டும். கராஜைத் துப்புரவு செய்யும் வேலை மூன்று வாரமாகத் தள்ளிப்போகிறது. இன்றும் நடக்கவில்லை.

தபாலில், மெல்பேர்னிலிருந்து, தேவனின் புத்தகம். நாற்பது பக்கம், பளபளக்கும் தாள். வாங்குபவர் பாகங்களாக வாங்கித் தம் கராஜிலேயே பொருத்திக்கொள்ளும் எங்கள் சிறு விமானம் ‘மைனா’ பிறந்த கதை. இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு. இருபத்தோராம் திகதி புதிய வடிவமும் வெளிவருகிறது: பெரிய எஞ்சின், கூடிய பாரம், அதே இறக்கை.

கதையின்படி: மெல்பேர்ன் கிளேட்டனில் மாணவனாக இருந்த தேவன், ஒரு மாலையில், பீட்சாப் பெட்டி மூடியின்மேல் முழு விமானத்தையும் வரைந்தான். இறக்கையின் பலத்தை மணல் மூட்டை அடுக்கிச் சோதித்தான். முப்பத்தோராம் பக்கத்தில், ‘நண்பர்கள் சிலர் உதவினர்.’

நான் சிலர்.

புத்தகத்தில் இல்லாதவை:
1. உடலும் வாலும் தே.யினுடையவை. நன்றாகச் செய்தான். மறுக்கமாட்டேன்.
2. இறக்கை முழுவதும் என்னுடையது. முதற் கோட்டிலிருந்து கடைசி ஆணி வரை.
3. பெயரும் நான் வைத்ததே. வெளியிலிருந்து வந்ததென்று இந்நாட்டில் எல்லோரும் விரட்டும் பறவை. எங்களுக்குப் பொருந்தும் என்றேன்.
4. ஓர் இறக்கையின் நீளம் ஏன் நான்கு மீற்றர் இருபது? இணையத்தில் இன்றும் காற்றியக்க விளக்கங்கள், வரைபடங்களோடு. உண்மைக் காரணம்: அன்று நான் இருந்த வென்ட்வேர்த்வில் வாடகை வீட்டு கராஜில் நின்ற சலவை இயந்திரத்தை நகர்த்த வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. மிஞ்சிய இடம் அவ்வளவு.
5. மணல் இல்லை. அரிசி.

மனைவி மாலா குசினியிலிருந்து: “இஞ்சேருங்கோ, அந்தச் செட்டையை எப்ப கழட்டப் போறியள்? கார் வெளியிலை நிண்டு காயுது.” முதன்முதல் செய்த இறக்கை இப்போதும் கராஜ் கூரையில் தொங்குகிறது. துடைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

மழை, ஒருவழியாக. ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதே என் உத்தியோகம். தாமதத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

தே.க்குக் கடிதம், மூன்று வரைவுகள். முதலாவது இரண்டு பக்கம். மூன்றாவது ஒரே வரி: ‘இறக்கையை வடிவமைத்தவன் பெயர் எங்கே?’ அதை அனுப்பினேன்.

மாலையில் அழைத்தான். மலேசியா ஈப்போக்காரன், முப்பது ஆண்டு மெல்பேர்ன் அவன் பேச்சில் ஒட்டவேயில்லை. “டேய், கோவிச்சுக்காத லா. பழைய கதை, யாருக்கு டா ஞாபகம்? ஆதாரம் எதாச்சும் இருந்தா அனுப்பு, அடுத்த பதிப்புல போட்டுர்றேன்.”

ஆதாரம். என்னிடம்.

இருக்கின்றன, இரண்டு. (அ) கூரையில் தொங்கும் இறக்கை. உள்ளே, மூன்றாம் விலாச் சட்டத்தின் அருகே, தகட்டில் கறுப்புப் பேனையால் என் பெயரும் திகதியும், தமிழில். (ஆ) சோதனை நாளன்று எடுத்த படம். அன்று அரிசி தந்த பிலிப்பு அண்ணையின் கடையில் தொங்குகிறது.

குரலை உயர்த்தவில்லை. அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

வேலை முடிந்து நேரே வென்ட்வேர்த்வில். பி. அண்ணையின் கடை ஸ்டேஷனுக்கு அருகே. மன்னார்க்காரர், எழுபதைத் தாண்டியவர். மடு மாதா படத்தின் கீழே எங்கள் படம்: காற்று மேல்நோக்கித் தள்ளுவதற்கு ஈடாகத் தலைகீழாகக் கவிழ்த்த இறக்கை, அதன்மேல் அவருடைய அரிசி மூட்டைகள், பக்கத்தில் தே. மெலிந்து நிற்கிறான், தரையில் நான்.

“வாரும் தம்பி. கனநாள் காணேல்லை.”

“அந்தப் படம் வேணும் அண்ணை.”

“கழட்டித் தாறன். ஆனாத் திருப்பித் தரோணும். என்ரை அரிசியிலை ப்ளேன் எழும்பினதெண்டு சொன்னா, படமில்லாமல் ஆர் நம்பும்?”

கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன். இறக்கையின் உட்பாதியில் நீல எழுத்து மூட்டைகள், அச்சில் 20. வெளிப்பாதியில் சிவப்பு எழுத்து, அச்சில் 40.

“இந்தச் சிவப்பு என்ன அண்ணை?”

“அதோ? அது கனடாவுக்குப் போக வேண்டிய சாமானெல்லே. ஆரோ மாறி இஞ்சாலை ஏத்தி விட்டிட்டாங்கள். நீல மூட்டை முடிய அதைத்தான் எடுத்துத் தந்தனான். நாப்பது றாத்தல். ஏன் தம்பி, புழு கிடந்ததோ?”

இல்லை என்றேன். படத்தைத் தாளில் சுற்றித் தந்தார். கூடவே முறுக்கு.

நாற்பது றாத்தல். பதினெட்டுக் கிலோ நூற்று நாற்பது கிராம். இருபது இல்லை. தூக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. அன்று தே.யும் அண்ணையும் தூக்கினார்கள். நான் கீழே கிடந்து இறக்கை எவ்வளவு வளைகிறது என்று அளந்தேன், மூட்டைகளை எண்ணினேன், எண்ணிக்கையை இருபதால் பெருக்கினேன். ஒன்றைக்கூட நிறுக்கவில்லை.

பிழை என்னுடையது. வேறெவருடையதும் இல்லை.

மார்ச் 7, சனி

முற்பகல் முழுவதும் கணக்கு. இரண்டு முறை. மூன்றாம் முறை கல்குலேட்டர் இல்லாமல்.

— பழைய மைனாவுக்கு இறக்கை தாங்க வேண்டியது: 66 மூட்டை.
— அன்று நாங்கள் ஏற்றியதாக எழுதியது: 70. நான்கு மூட்டை மிகுதி, மனநிறைவுக்காக.
— உண்மையில் ஏற்றியது: வெளிப்பாதி மூட்டைகள் இருபத்துநான்கும் குறை நிறை. நுனிப் பாரமே உடலோடு சேரும் அடியை அதிகம் வளைக்கும் என்பதால் மொத்தக் குறைவு ஐந்தரை விழுக்காடு. ஆக, அறுபத்தாறும் சொச்சமும்.

பழைய விமானங்கள் பிழைத்தன, மயிரிழையில்.

புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பக்கம்: புதிய வடிவத்துக்கு 70 மூட்டைக்கு ஈடான பலம் வேண்டும், ‘அதை எங்கள் இறக்கை அன்றே நிரூபித்துவிட்டது.’ நிரூபிக்கவில்லை. அந்த மிகுதி நான்கு மூட்டையின்மேல்தான் புதிய எஞ்சினை ஏற்றி வைத்திருக்கிறான்.

தே.யை அழைத்தேன். சொன்னேன். சிரித்தான்.

“டேய், அந்த ரெண்டு கிலோவுக்கா இவ்ளோ பேச்சு? எத்தன வருஷமா பறக்குது. ஒன்னும் ஆகல லா.”

“பழசு பறக்கட்டும். அதுக்கு அறுபத்தாறு காணும். புதுசுக்கு எழுபது வேணும். நாங்கள் எழுபது ஏத்தேல்லை.”

பிறகு, மிக மென்மையாக: “சரி டா. உன் பேரு போடறேன். மொத பக்கத்துலயே, படத்தோட. இறக்கை வடிவமைப்புன்னு பெருசா. மணல் மணலாவே இருக்கட்டும். என்ன?”

இருபத்தைந்து ஆண்டு நான் எதிர்பார்த்திருந்த வாக்கியம். இப்படித்தான் வந்து சேர்ந்தது.

“புதுசிலை உன்ரை மகளை ஏத்துவியோ?”

“அவளுக்குக் கார்ல போனாலே வாந்தி வருது லா.”

வைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். புல் வெட்டினேன். பிறகு மைனா கட்டியவர்கள் எல்லோருக்குமான மின்னஞ்சல் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள்:

மைனாவின் இறக்கையை வடிவமைத்தவன் நான். அதன் பாரச் சோதனையில் பிழை விட்டவனும் நான், மூட்டைகளை நிறுக்கவில்லை. பழைய பார எல்லைக்குள் பறப்பவர்கள் பறக்கலாம். புதிய வடிவத்தில், முதல் இறக்கையை வைத்து அடுத்த ஞாயிறு நான் செய்யும் மறுசோதனையின் முடிவு வரும்வரை எவரும் ஏறவேண்டாம்.

கீழே முழுப் பெயர். படத்தையும் இணைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினொரு பதில்கள். ஏழு நன்றி, மூன்று வசை. குயின்ஸ்லாந்தில் ஒருவர் கேட்டது ஒன்றே: அது என்ன அரிசி?

தே.யிடமிருந்து எதுவும் இல்லை.

மார்ச் 14, சனி

இறக்கையை இறக்கினோம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முனையில். கவிழ்த்து, அடியை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். பழைய இறக்கை, ஒருமுறை பாரம் சுமந்தது. இது தாங்கினால் எதுவும் தாங்கும்.

மாலா தேநீரோடு வந்து நின்றாள்.

“உங்கடை பேர் எழுதின செட்டையெல்லே? உடைஞ்சா?”

“உடைக்கத்தான் போறன். எங்கை உடையுதெண்டு தெரியோணும்.”

“அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்குத் துடைச்சனீங்கள்?”

நான் போல்ட்டுகளைச் சரிபார்க்கும்போது அவள் மூன்றாம் விலாவின் துவாரத்துள் கைபேசியை விட்டு என் பெயரைப் படம் எடுத்தாள். தடுக்கவில்லை.

தே.யிடமிருந்து ஒரு வரி: ‘நாளைக்கு வர்றேன்.’

மார்ச் 15, ஞாயிறு

தெளிந்த வானம். காற்றில்லை. ஏழு மணிக்கு பி. அண்ணையின் வான், தராசும் எழுபத்திரண்டு மூட்டையும். எல்லாவற்றையும் நிறுத்தேன். 20.1, 20.0, 20.1. ஒன்று 19.6, பிரித்து அரிசி போட்டுத் தைத்தோம்.

ஒன்பதரைக்குத் தே., விமான நிலையத்திலிருந்து நேரே. வெள்ளைச் சட்டை. கைகுலுக்கவில்லை. சட்டைக் கையை மடித்து முதல் மூட்டையைத் தூக்கினான்.

பி. அண்ணை: “தேவன் தம்பி முந்தி ரெண்டை ஒருமிக்கத் தூக்கிறவர்.”

“முந்தி இந்த வயிறு இல்ல அண்ணே.”

நான் நுனிக்குப் பக்கத்தில், அளவுகோலோடு. இம்முறை கீழே கிடக்கவில்லை. ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினேன்.

66. நிறுத்தச் சொன்னேன். மூன்று நிமிடம். தாங்கியது. பழைய விமானங்கள் எல்லாம் பத்திரம். மாலா வாசலில் நின்றாள்.

67. தகட்டில் மெல்லிய சுருக்கம், மூன்றாம் விலாவுக்கு நேரே. நான் கணக்கிட்ட அதே இடம்.

68. தே. வைத்துவிட்டுக் கையை எடுத்தான். தகரக் கூரையில் யாரோ குதித்தது போன்ற ஒற்றைச் சத்தம். இறக்கை மடிந்து தரையில். மூட்டைகள் வெடித்து, அரிசி இந்த கராஜின் சலவை இயந்திரம் வரைக்கும்.

பி. அண்ணை: “இனி இதை ஆர் வாங்கிறது.”

தே. கிழிந்த தகட்டருகே குந்தினான். என் பெயர் இரண்டாகப் பிளந்து, பாதி மேலே, பாதி கீழே. நெடுநேரம் பார்த்தான்.

“உன் கையெழுத்து டா.”

“ஓம்.”

“புதுசு?”

“மூண்டு மூட்டை குறையுது. சனிக்கிழமை வெளியிடேலாது. முதுகெலும்பா உள்ளுக்கு ஓடுற ஸ்பாரைத் தடிப்பாக்கோணும்.”

தும்புத்தடியை எடுத்தான். பாதிக் கராஜ் கூட்டி முடித்தபின், முகம் பாராமல்: “விழாவ தள்ளி வெச்சுர்றேன். நீயே வரைவியா?”

“வரைவன். முதலிலை புத்தகத்திலை மணலை எடுத்துப்போட்டு அரிசி எண்டு எழுது.”

தலையசைத்தான்.

கோபம் அப்படியே இருக்கிறது. குறைக்கும் எண்ணமும் இல்லை. பிற்பகல் மேசையில் புதிய தாள் விரித்தேன். கீழே வலது மூலையில், வடிவமைத்தவர் என்ற கட்டம். அதை முதலில் நிரப்பினேன், பேனையால்.