கொடிக்குக் கீழே இருந்த பெயர்

நேற்று டுரியான் துங்கால் கிளினிக்கில் இரத்தம் எடுக்க என் இடது கையை நீட்டினேன். ஊசி போடுகிற மிஸ்ஸி சின்னப் பெண், நம்ம தமிழ்ப் பிள்ளைதான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தாள், நரம்பு அகப்படவில்லை. எப்படி அகப்படும்? மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை பச்சை குத்தியிருக்கிறேன். "பாட்டி, எது நரம்பு, எது கோலம்னே தெரியலலா" என்று சிரித்தாள். பிறகு முன்கையில் ஓடும் வேப்பிலைக் கொடியை உற்றுப் பார்த்தாள்.

"இது எதையாச்சும் மறைக்கப் போட்டதா பாட்டி? என் கூட்டாளி ஒருத்தன் பழைய காதலி பேர மறைக்க இப்படித்தான் இலையா போட்டுகிட்டான்."

அடியில் ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. என் கொடிக்கு அடியில் ஒன்றும் இல்லைதான். அடி சிநேகிதி, உன் கொடிக்கு அடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. நீயும் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாம் இருவரும் வயசுக்கு வந்த வருஷம் பச்சை குத்தும் குறத்தி வந்தாள். விளக்குக் கரியை அகத்திச் சாற்றில் குழைத்து, ஊசிகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தாள். மோவாயில் ஒரே ஒரு பொட்டு வைப்பதற்குள் நான் கத்தி, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தையே கூட்டிவிட்டேன். நீ துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தாய். பக்கத்தில் நின்ற பெண்கள் வழக்கமான ஆறுதலைச் சொன்னார்கள். தங்கம் அடகுக்குப் போகும், பச்சைதான் கட்டையோடு வரும் என்று.

அத்தனை அழுத எனக்குத்தான் பித்துப் பிடித்தது, பார். குறத்தி வரும்போதெல்லாம் போய் உட்கார்ந்தேன். கோலம், மீன், மணிக்கட்டில் தேள், விரல்களில் புள்ளிகள், காய்ச்சலில் போன என் தம்பியின் பெயர். முதல் குத்துத்தான் உயிர் போகும். அப்புறம் கை யாருடையதோ ஆகிவிடும். வீங்கும், மஞ்சள் பூசிக்கொண்டு மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனால் வியர்வை பட்டு எரியும், பொருக்கு உதிரும்போது அரிப்பு தாங்காது. பிறகு ஒரு காலையில் குளிக்கும்போது பார்த்தால், பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோலத் தோலுக்குள் பச்சையாகக் கிடக்கும். அந்தக் காலைக்காகவே அத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். உனக்கு என்னைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. "உன்னப் பொதைச்சா புழு கூட படிச்சுப் பாத்துட்டுத்தான் திங்கும்" என்பாய்.

நீ மோவாய்ப் பொட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் குத்திக்கொண்டாய், இடது முன்கையில் உன் புருஷன் பெயர். அவன் நம்மோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன். நான் டேய் போட்டுக் கூப்பிட்டவன்தான். ஆனால் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் உன் வாயில் வரக்கூடாது. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம் பெண்கள் எல்லாரையும் போல நீயும் நம்பினாய். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சம்பள வரிசையில் புருஷன் பெயர் கேட்டால் கையைத் திருப்பிக் காட்டுவாய். அவர் வேண்டுமென்றே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தெரியல, வாயால சொல்லு" என்பார். நீ சிவந்துபோய் நிற்க, பின்னாலிருந்து நான் கத்திச் சொல்வேன்.

நான் கல்யாணமாகி டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கியது. உன் புருஷன் சங்கம், கூட்டம் என்று திரிந்தவன். ஒரு நாள் வெட்டுக் கத்தியோடு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்குள் போய்விட்டான் என்றார்கள். உன்னை விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாய். என் சித்தி மகள், புருஷன் செத்துவிட்டான் என்று கங்காணியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்தேன். உன் ஐ.சி. அடையாள அட்டையில் உன் அப்பா பெயர்தான் இருந்தது. அங்கே உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடியது உன் கை ஒன்றுதான்.

லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்கு அரிசி போகக் கூடாதென்று தினமும் காலையில் வாசலில் சோதனை. பெண்களைச் சோதிக்க ஒரு மலாய் அக்கா இருந்தாள். கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள், மேல்சட்டையைக் கழற்றச் சொல்வாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, உன் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். ஆனால் கடைத்தெருச் சுவரில் தேடப்படுகிறவர்களின் படங்களை ஒட்டினார்கள். அவனும் அதில் இருந்தான், தமிழில் பெயர் போட்டு. அடுத்த வாரம் தமிழ் வாசிக்கத் தெரிந்த மாத்தா ஒருவர் சோதனைக்கு வரப்போகிறார் என்று கங்காணி வந்து சொன்னார். போலீஸ்காரரை நாம் அப்படித்தான் சொல்வோம். பிடித்தால் தடுப்புக் கேம்புக்கு, இல்லையென்றால் கப்பலேற்றி ஊருக்கு. கைப்பிள்ளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட் போத்தலோடு உன்னைக் குளியலறைக்குப் பின்னால் பார்த்தேன். பிடுங்கி எறிந்தேன். பெயர் எரிந்தால் பிள்ளை பிழைக்கும் என்றாய். எரிந்த கையைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று சொல்லி உன்னை அறைந்தேன். அறைந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

பின் வீட்டு மாரியக்காவுக்குப் பச்சை குத்தத் தெரியும். உன் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யார், எவன், எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. மேலே கொடி விட்டு மூடிவிடலாம் என்றார். "ஆனா ஒத்தக் கையில புதுசா இருந்தா ஏன்னு கேப்பான். ஊரு பூரா இருந்தா வழக்கம்னு போயிடுவான்."

அப்படியானால் முதலில் எனக்குக் குத்துங்கள் என்று நான் உட்கார்ந்தேன். என் இடது கையில் மிச்சமிருந்த வெற்று இடம் அது ஒன்றுதான். பிறக்கப்போகும் பிள்ளையின் பெயருக்கென்று வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாய்.

உன் முறை வந்தபோது மாரியக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாய். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"அவரு பேர ஒரு தடவ சொல்லேன். என் வாயால சொல்லக் கூடாது. இனிமே கண்ணாலயும் பாக்க முடியாது."

சொன்னேன். ஊசி இறங்கியது. இந்தத் தடவை நீ துண்டைக் கடிக்கவில்லை, வாய்விட்டு அழுதாய். வலி என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

ஆத்தாளுக்கு வேண்டுதல், ஊரில் அம்மை வராமலிருக்க வேப்பிலைக் கொடி என்று மாரியக்கா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்து கையை நீட்டியவர்கள் சிலர். மற்றவர்கள் நிஜமாகவே நேர்ந்துகொண்டு, தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். கங்காணி பெண்டாட்டி, தன்னை முதலிலேயே கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்தாள். மாரியக்காவின் விரல் வீங்கிப் போயிற்று.

அந்த மாத்தா வந்தார். நம்மை வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னார். ஒரு கொடி, இன்னொரு கொடி, மஞ்சள் பூசிய கொடிகளாக வந்துகொண்டே இருந்தன. என்ன இது என்று என்னிடம்தான் கேட்டார், என் முன்னால் நின்றபோது. ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டது ஐயா என்றேன். அடுத்தது நீ. உன் கையை மற்றவர்கள் கையைவிடக் கூடுதலாகப் பார்த்தார். புண் இன்னும் காயவில்லை, இலைகள் உப்பிக் கிடந்தன. "ஆறுற வரைக்கும் தண்ணி படாம பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார். அவர் ஒன்றும் காணவில்லையா, கண்டுதான் போனாரா என்று நாம் எத்தனையோ முறை பேசியும் முடிவு தெரியவில்லை.

அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் புதுப்பெண்கள் தாங்களாகவே வந்து வேப்பிலைக் கொடி கேட்டார்கள். அது பரம்பரை வழக்கம் என்று கங்காணி பெண்டாட்டி அவர்களுக்கு விளக்கினாள். நீயும் நானும் சட்டி கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்கு ஓடிச் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும் நீ சொன்னாய், "ஒரு தடவ சொல்லேன்." சொன்னேன்.

அதற்குப் பிறகு அது நம் இருவரின் வழக்கமாயிற்று. தீபாவளிக்குப் புதுப்பாவாடை கட்டிய உன் மகளைப் பார்த்தால் கேட்பாய். மழையில் வெட்டு இல்லாத நாட்களில் கேட்பாய். அவசரகாலம் முடிந்து கம்பியைப் பிரித்துவிட்டார்கள், காட்டிலிருந்து சிலர் வந்தார்கள், சிலர் செத்த செய்திதான் வந்தது. அவனைப் பற்றி எதுவும் வரவில்லை. நான் சொல்வேன், நீ கண்ணை மூடிக் கேட்பாய், பிறகு எழுந்து வேலையைப் பார்ப்பாய். என் புருஷனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது.

உன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறிப் போனோமே. பெண்ணின் தகப்பன் பெயரை அச்சகத்தில் நான்தான் சொன்னேன். எழுதிக்கொண்டவர், முன்னால் காலஞ்சென்ற என்று போடவா என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "பேரு மட்டும் போடுங்கண்ணே" என்றாய். நெற்றியில் பொட்டோடுதான் சொன்னாய்.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள் அத்தை என்று என் மருமகள் சொல்கிறாள். நல்ல பிள்ளைதான், நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை. பார்க்கட்டுமே என்கிறேன். என் கைகளில் கோலம் கலங்கிவிட்டது, மீனுக்கு வாலில்லை, தேள் தவளையாகிவிட்டது. தம்பி பெயரை எனக்கே எழுத்துக் கூட்ட முடியவில்லை. அந்தக் கொடி மட்டும் தெளிவாக இருக்கிறது.

பாயா ரும்புட்டில் உன் மகள் வீட்டில் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது இடது கையை நான்தான் பிடித்திருந்தேன். அத்தனை பெண்கள் நடுவே குனிந்து அவன் பெயரை உன் காதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்த வேதனைதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். என் புருஷன் பெயரை நானும் சாகும்வரை சொல்லப் போவதில்லை. அது என் வலது கையில் இருக்கிறது, போதும். ஆக, இந்த ஆயுசில் என் வாய் அதிகம் சொன்னது உன் புருஷன் பெயரைத்தான். நீ போன பிறகும் நிறுத்த முடியவில்லை. பின்கட்டில் துணி அலசும்போது தானாக வருகிறது. கேட்கத்தான் யாருமில்லை.

நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்.

செல்லையா.