களப்புக்கு நான் போட்ட பூச்சியம்

பெப்ரவரி 18, 2025

புத்தளம் களப்போரம், எத்தாளையில் இன்று ஒன்பது வீட்டில் கணக்கெடுப்பு. கேள்வி ஏழு: "உங்கள் பகுதியில் கடற்புல் உள்ளதா?" ஒன்பது பேரும் இல்லை என்றார்கள். போன வருடம் நாற்பத்திரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள்.

கடல்நீர் புகுந்து நிற்கும் களப்பு, தண்ணீர் கலங்கல். செய்மதிப் படத்தில் அடி தெரியாது. ஆகவே மீனவரைக் கேட்டு எழுதுவது என் வேலை. நான் எழுதுவது கொழும்புக்குப் போய், அங்கிருந்து உலக அட்டவணைக்குப் போகும். எந்த நாடு கடலையும் காட்டையும் எவ்வளவு காப்பாற்றியது என்று வருடாவருடம் பார்க்கிற அட்டவணை. அதில் எங்கள் பக்கத்துக் கடற்புல்லுக்குப் பூச்சியம். இம்முறையும் பூச்சியமென்றால் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்களாம். பிறகு அளக்கவும் ஆள் வராது, காக்கவும் வராது. எங்கள் கற்பிட்டி அலுவலகப் பொறுப்பாளர் இன்சாப் சேர் இதைத் தேநீர் குடித்தபடி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெப்ரவரி 19

கண்டுபிடித்துவிட்டேன்!

ஜபார் நானா மீன்பிடித்துத் திரும்ப நேரமாகிவிட்டது. கரையிலேயே நிறுத்திக் கேட்டேன். கேள்வி ஏழுக்கு "இல்ல புள்ள" என்றார். 'இல்லை'யில் புள்ளடி போட்டுக்கொண்டே, ஏன் நானா சுணக்கம் என்று கேட்டேன்.

"சாதாளை சுத்தி மிசின் நிண்டுட்டு. அரை மணித்தியாலம் வெட்டி எடுத்தன். களப்பு முழுக்க இந்தச் சனியன்தான்."

வள்ளத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினார். நீளநீளமாகப் பச்சை இலை. வேரோடு.

"நானா, இதுதானே கடற்புல்!"

"புல்லா? புல்லு ஆடு திங்கிறது. இது சாதாளை."

ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கியது யார்? நான். அகராதி பார்த்து. இதே களப்போரக் கரைத்தீவில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர் ஒருவருமில்லை. நாற்பத்திரண்டு மனிதரும் பொய் சொல்லவில்லை. நான்தான் அவர்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 20

எல்லோருக்கும் கோல் எடுத்தேன். சாதாளை இருக்கா? ஓம். ஓம். ஓம். ஒருவர் சிரித்துவிட்டே போனை வைத்தார்.

மார்ச் 6

வாய்க் கதை போதாது, எண்ணித்தான் ஆகவேண்டும் என்று இன்சாப் சேரிடம் அடம்பிடித்து வள்ளம் வாங்கினேன். அறுபது இடம். எனக்கு நோன்பு. முங்கினால் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயம். உடப்பிலிருந்து உதவிக்கு வந்த மயூரதிதான் அடியில் வைத்து எண்ணுகிற சதுரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். நான் மேலே இருந்து எழுதினேன், கத்தினேன், வள்ளத்தை ஆட்டினேன்.

"அக்கா, கொஞ்சம் அமைதியா இருங்கோ. மீன் எல்லாம் ஓடுது."

மீன் இருக்கிறதே! குஞ்சு மீன், இறால் குஞ்சு, எல்லாம் அந்தச் சனியனுக்குள்தான்.

மார்ச் 13

அறுபதில் முப்பத்தேழு இடத்தில் இருக்கிறது. நூற்றுக்கு அறுபத்திரண்டு. அனுப்பிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஏப்ரல் 2

பெருநாள் பலகாரம் இன்னும் முடியவில்லை, அதற்குள் கொழும்பிலிருந்து மின்னஞ்சல். பாராட்டு! ஒரே வருடத்தில் பூச்சியத்திலிருந்து அறுபத்திரண்டு, நாட்டிலேயே மிக வேகமான வளர்ச்சி, எப்படிச் சாதித்தீர்கள் என்று மேடையில் பேச வரவேண்டும். பெருநாள் உடுப்பையே போடலாம் என்று கண்ணாடி முன் நின்றும் பார்த்தேன்.

எப்படிச் சாதித்தோம்? ஒரு இலைகூடப் புதிதாக முளைக்கவில்லையே!

ஏப்ரல் 3

இன்சாப் சேரிடம் போனேன். போன வருடத்துப் பூச்சியம் என் பிழையென்று எழுதப்போகிறேன் என்றேன். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"விசரா நிஸ்ரின்? பிழையெண்டு நீங்களே எழுதினா இந்த வருசக் கணக்கையும் நம்பமாட்டாங்க. களப்பு பட்டியல்ல இருந்து போயிரும். இப்ப நல்ல செய்திதானே, உட்டுருங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேசாமல் இருந்தால் களப்பு தப்பும். ஆனால் உலகம் முழுக்கக் கூட்டும்போது எங்கள் பொய் வளர்ச்சியும் சேருமே? வேறெங்கோ நிஜமாகவே அழிந்த புல் அதற்குள் மறைந்துபோகுமே? எத்தாளையில் வளர்ந்தது, எல்லாம் சரி என்று எவனோ ஒருத்தன் நிம்மதியாக இருப்பானே? அளக்கிற ஆளே பொய் சொன்னால் பிறகு என்னத்தை அளக்கிறது!

பின்னேரம் கொழும்புக்கு எழுதி அனுப்பினேன். அறுபது இடத்துப் படங்களையும் இணைத்தேன். இன்சாப் சேருக்கும் பிரதி போட்டேன்.

ஏப்ரல் 9

பதில் இல்லை. இன்சாப் சேர் என்னைக் கண்டால் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறார்.

ஏப்ரல் 15

மேடைக்கு வரவேண்டாமாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். வேலை இருக்குமா தெரியாது. களப்பு? அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஏப்ரல் 22

புது அட்டவணை வந்துவிட்டது. இன்சாப் சேர் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். கண்ணை மூடித் திறந்தேன். 'புத்தளம் களப்பு, எத்தாளைப் பக்கம்' பட்டியலில் இருக்கிறது! இந்த வருடம்: 62. வளர்ச்சி: கணக்கிட முடியாது. போன வருடத்துக் கட்டத்தில் பூச்சியத்தை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் இரண்டே வரி. தவறான சொல்லால் கேட்கப்பட்டது. திருத்தியவர்: நிஸ்ரின் ஜலால்தீன், கற்பிட்டி.