பெயரும் முகமும்

பின்லாந்து,
2025 ஜனவரி 12

அன்புத் தம்பி நிலோஜனுக்கு,

நீயும் விதுர்ஷாவும் சுகமா? கலியாணம் கட்டியதும் அக்காவை மறந்துபோனாய் என்று கோபம்தான். ஆனாலும் சந்தோஷச் செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடியமுன் வீடு வீடாகப் பேப்பர் போட்டவளை இப்போது பத்திரிகைக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். பக்கம் அமைக்கிறேன்.

இந்த நாடு பின்னிஷ் பேசுகிறது, இந்தக் கரையில் மட்டும் ஸ்வீடிஷ். அவர்களுக்கென்று நூறு வருடத்துக்கு மேலாக வரும் நாளிதழ் இது. பெயரைத் தமிழில் சொன்னால் 'கரையோரம்'. மீன்பிடிகாரரும் வயல் உழுத கமக்காரரும் காசு போட்டுத் தொடங்கினார்களாம். உள்நாட்டுச் சண்டையில் எதிராளிகள் அச்சுக்கூடத்தைக் கொளுத்தி, ஆசிரியரை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் மறுவாரமே பக்கத்து ஊரில் பத்திரிகையை அச்சடித்தார்கள், சுட்டவன் பெயரோடும், எழுதியவரின் பெயரோடும் படத்தோடும். அன்றிலிருந்து பெயரும் முகமும் இல்லாமல் எதையும் போடமாட்டார்கள்.

உன் கூட்டாளி சிவதர்ஷனின் சாவைப் பற்றி நீ எழுதியதை அங்கே யாரும் போடவில்லை என்றாயே, எங்களுக்குத் தா. நானே மொழிபெயர்க்கிறேன். ஸ்வீடிஷ் வாசிக்க மட்டக்களப்பில் யார் இருக்கிறார்கள்?

அன்பு அக்கா,
தனுஷியா


புளியந்தீவு,
ஜனவரி 20

என் அக்காவுக்கு,

நான் மறந்துபோனேன் என்று நீ குறைசொல்லாத கடிதம் உண்டா?

எழுதியதை இணைத்திருக்கிறேன். வாவியில் மணல் அள்ளுவதைத் தடுக்கப்போன என் கூட்டாளியை மண்வெட்டியால் மண்டையில் வெட்டி, அவன் வலையாலேயே சுற்றித் தண்ணீரில் போட்டார்கள். கரையில் கண்டல் மர வேருக்குள் கிடந்தவனை நானும்தான் இழுத்தெடுத்தேன். பாதி முகத்தை நண்டு தின்றிருந்தது. இங்கே 'தோணி கவிழ்ந்து மீனவர் பலி' என்று நாலு வரி வந்தது.

"பேர் போட வேணாமெண்டு மச்சாளுக்குச் சொல்லுங்க" என்று விதுர்ஷா அழுகிறாள். நனைந்தவனுக்குக் கூதல் என்ன? என் பெயரைப் போடு. மணல் முதலாளியின் பெயரையும் போடு.

தம்பி,
நிலோஜன்


பின்லாந்து,
பெப்ரவரி 9

என் தங்கத் தம்பிக்கு,

முதற்பக்கமடா! உன் படமும் பெரிதாக. கடைத்தெருவில் கிழவர்கள் என்னை மறித்து உன்னைச் சுகம் விசாரிக்கிறார்கள். பெருமையில் அழுதுவிட்டேன்.

இன்னொன்று எழுதச் சொல்கிறார் ஆசிரியர். அதற்குப் புதுப் படம் அனுப்பு. பழையதில் கல்குடாக் கடற்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

அக்கா


புளியந்தீவு,
மார்ச் 2

மச்சாளுக்கு,

உங்கள் தம்பியின் புதுப் படம் கேட்டிருந்தீர்கள்.

உங்கள் பத்திரிகை இணையத்திலும் வருமாம். போனில் அமத்தினால் எந்தப் பாஷையும் தமிழாகுமாம். யாரோ பேஸ்புக்கில் போட, ஊரே வாசித்தது.

நாலு பேர் வந்தார்கள். அவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, "வெள்ளக்காரன்ட பேப்பர்ல காட்டின மூஞ்சியக் காட்டுடா" என்று கேட்டுக் கேட்டு இரும்புக் கம்பியால் முகத்திலேயே அடித்தார்கள். காலைப் பிடித்துக் கதறிய என்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்தெறிந்தார்கள். ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அவருக்கு உங்கள் மேல் கோபமில்லை. 'அடுத்ததும் என் பெயரில்தான்' என்று எழுதிக் காட்டுகிறார். எனக்குக் கோபம் இருக்கிறது, மச்சாள். சுடப்பட்ட அந்த ஆசிரியருக்கும் ஒரு பெண்சாதி இருந்திருப்பாள். அவள் பெயரை உங்கள் பத்திரிகை எப்போதாவது போட்டதா?

படம் இல்லை. இனி எங்களுக்கு எழுதவும் வேண்டாம்.

பெயரில்லாத எதையும் உங்கள் ஆட்கள் அச்சிடமாட்டார்கள் என்றீர்கள். அதனால் இதன் கீழே நான் பெயர் போடவில்லை.