பக்கத்து நாற்காலிக்குச் சொன்ன கதைகள்

என்னங்க,

நேற்று சாயங்காலம் அந்தம்மா வீட்டுக்கு வந்திருந்தார். யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மின்சார ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாதான். சினிமா சங்கத்தில் ஆறு வருஷம் உங்களுக்குப் பக்கத்து நாற்காலி. உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினார். அந்த வாசம் வந்ததுதான் தாமதம், பழைய கோபமெல்லாம் எனக்குத் தலைக்கேறியது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன மனுஷனிடம் போய்க் கோபப்படுகிறாளே என்று சிரிக்காதீர்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துவிடுவீர்கள். கேட்டால் சங்கம் என்பீர்கள். மில் யூனியன்தான் என்று நானும் இருந்தேன். ஒருநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டில் பெப்பர்மிண்ட் காகிதம். என் முகத்துக்கு நேரே பீடிப் புகை விடுகிற மனுஷன், யாருக்காக வாயை மணக்க வைத்துக்கொண்டு போகிறான்? யூனியனில் யார் வாயை யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம்தான் அது சினிமா சங்கம் என்று தெரிந்தது. முத்தியால்பேட்டையில் வாய்க்கா பஞ்சம்? அங்கே கத்திரி போடாத படம் காட்டுகிறார்களாம், அதனால்தான் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியாம் என்று எதிர்வீட்டுக்காரி குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னாள். உங்களைக் கேட்டேன். "உலகப் படம். உனக்குப் புரியாது" என்று முடித்துவிட்டீர்கள். பொய் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு பின்னாலேயே வந்தேன். ஒரு பள்ளிக்கூட ஹால். கதவு இடுக்கில் பார்த்தால், இருட்டில் ஒரு பொம்பளையின் காதோரம் குனிந்து நீங்கள் என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறாள். நேரே கதவைத் தள்ளினேன்.

வாசலில் இருந்த செக்ரெட்டரி, மெம்பருக்கு மட்டும்தான் அனுமதி என்றார். அப்படியானால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போட்டோ கேட்டார், அதன்பிறகு பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போதுதான் சங்கத்து வழக்கத்தை விளக்கினார். வருகிறதெல்லாம் பிரெஞ்சுப் படப்பெட்டி, கீழே எழுத்து எதுவும் ஓடாது. அதனால் பிரெஞ்சு தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் மெல்லச் சொல்ல வேண்டும். நான் யாரென்று தெரிந்ததும், "உங்க வீட்டுக்காரர் பிரமாதமா சொல்றாரு" என்றார். புருஷன் பெண்டாட்டியை மட்டும் சேர்த்து உட்காரவைப்பதில்லையாம், வீட்டு வழக்கைப் பேச ஆரம்பித்துவிடுவார்களாம்.

என் சந்தேகம் தீர்ந்ததா? கூடத்தான் ஆனது. தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்க, உங்களுக்கு மட்டும் எப்படி ஒரே ஆள் வாய்த்தது?

மெம்பராகி முதல் நாள் நான் உள்ளே வந்தபோது உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு வாய்த்தவர் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அளந்துதான் பேசுவார். "வீட்டை விக்கிறான். கையெழுத்து போடுறான்." அவ்வளவுதான். உங்களுக்கு நேர் பின்வரிசை என்பதால் ஒரு காதை உங்களிடம் வைத்திருந்தேன். நீங்களோ, "தொலைஞ்சுபோன தங்கச்சிக்கு லெட்டர் எழுதுறான்" என்கிறீர்கள்.

கிழவருக்குக் காது மந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திரையில் அவன் வீட்டைப் பூட்டிச் சாவியை இன்னொருவன் கையில் கொடுக்கிறான். நீங்கள் விடாமல் தங்கச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு சமையல்கட்டு காட்சி வந்தது. வெங்காயம் கேட்டார்கள், உப்பு போதாது என்றார்கள். அதில் மட்டும் நீங்களும் சொல்தாவும் ஒரே மாதிரி சொன்னீர்கள்.

அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சுக்கார துரை வீட்டில் உங்கம்மா சமையல் வேலை பார்த்தபோது அடுப்படியில் உட்கார்ந்து கேட்ட பிரெஞ்சுதானே உங்களுக்குத் தெரிந்தது மொத்தமும்! கதை சொல்கிற நாற்காலி கிடைக்க வேண்டுமென்று பிரெஞ்சு தெரியும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, படத்துக்குப் படம் அளந்து விட்டிருக்கிறீர்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் நான் பிடிக்க வந்த களவு அது இல்லையே.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று படத்தோடு புரியவில்லை என்று நின்றுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓவர்டைம் என்றால் நிஜமா என்று நினைப்பேன். அதைவிட ஒன்று அரித்தது. அங்கே மணிக்கணக்கில் கதை. வீட்டில் சோறு, தண்ணி, துண்டு என்று மூன்றே வார்த்தை. எனக்கு ஒரு கதை சொல்லத் தோன்றவில்லையே உங்களுக்கு!

ஒரே ஒரு தரம் தோன்றியது. மில் பஞ்சு நெஞ்சை அடைத்துக் கட்டிலோடு கிடந்தீர்களே, அப்போது ஒரு மத்தியானம். "ஒரு கதை சொல்லட்டா? ஒரு பொம்பள விழுப்புரம் ரயில விட்டுட்டு நிக்கிறா. கையில தூக்குச்சட்டி" என்று ஆரம்பித்தீர்கள். நான் பாவி, "உங்க புளுகு எல்லாம் எனக்கு எப்பவோ தெரியும். அந்தம்மாகிட்ட போய் சொல்லுங்க" என்றேன். என்னைப் பார்த்தீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்புறம் கடைசிவரை தண்ணீர் மட்டும்தான் கேட்டீர்கள்.

நேற்று அந்தம்மா என்ன சொன்னார் தெரியுமா? அவருக்குப் பிரெஞ்சு தெரியுமாம். கான்வென்ட்டில் படித்தவராம். தெரியும் என்று எழுதினால் யாருக்காவது சொல்கிற வேலை தலையில் விழும் என்று தெரியாது என எழுதிக்கொடுத்தாராம். முதல் நாளே உங்களை நிறுத்தப் பார்த்தாராம். அதற்குள் உங்கள் கதை எங்கே போகிறதென்று பார்க்க ஆசை வந்துவிட்டதாம். "ஒரு படத்துல ஒரு பொண்ணு செத்துடுவாம்மா. உங்க வீட்டுக்காரரு கதையில மட்டும் எப்படியாவது வீட்டுக்கு வந்துடுவா. எல்லா கதையிலயும் யாராவது வீட்டுக்கு வந்துடுவாங்க" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆறு வருஷக் கதையும் அந்த ஒரு காதுக்கே போயிருக்கிறது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன், ரயிலை விட்ட பொம்பளை கதையை உங்களுக்குச் சொன்னாரா என்று.

"இல்லையே. அப்படி ஒரு படமே வரலையே" என்றார். உடனே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டார். எனக்காகச் சொன்னாரோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. என் புத்தி எங்கே போகும்? ஆனால் ராத்திரி படுத்த பிறகு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் தூக்குச்சட்டியோடு மில் வாசலில் வந்து நின்றவள் நான்தானே. அந்தப் பொம்பளை இன்னும் ஸ்டேஷனில் நிற்கிறாள். அவளை எப்படி வீட்டுக்குக் கூட்டிவருவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும்.

சொல்லுங்க. கேக்குறேன்.