மலையின் பின்பக்கம்

திருவண்ணாமலை
12.7.1983

அன்புள்ள அம்மாவுக்கு,

குணசீலன் வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி இறங்கியதா? அப்பாவின் கோபம் இறங்கியதா? நான் நலம்.

ஓவிய முகாமில் நான் வரைந்த மலையெல்லாம் கொழுக்கட்டையாகவே வந்தது. "வெள்ளிக்குள்ள உருப்படியா ஒண்ணு வரலன்னா ஊருக்குக் கிளம்பு" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். வந்தால் அப்பாவின் சிமெண்ட் கடைதான். முன்பக்கம்தான் என்னை மதிக்கவில்லை, பின்பக்கமாவது மதிக்கட்டும் என்று சைக்கிளில் மலையைச் சுற்றிப் போய் அடி அண்ணாமலை கிராமத்தில் உட்கார்ந்து வரைந்தேன். அங்கிருந்து பார்த்தால் மலைக்கு வேறு முகம்.

மெஸ் நடத்தும் சர்தார் பாய் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, நம்ம மலை இப்படியா கீது? எந்த ஊரு மலை இது?"

மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். நான் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன்.

அந்த நேரம் அடி அண்ணாமலையிலிருந்து மோர் கொண்டுவரும் வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தார். "ஐயே, எங்க கொல்லையில நின்னா இப்பிடித்தான் தெரியும்! எங்க எருமைய மட்டும் ஏன் தம்பி உட்டுட்ட?"

மாஸ்டரே சிரித்துவிட்டார். "எருமையையும் போட்டு முடி. முகாம் முடியுற வரைக்கும் இருந்துட்டுப் போ" என்றார். அப்பாடா!

தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் இங்கேதான் என்பதால் உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, தூரிகை துடைக்க. துடைத்தது போக மிச்சத்தைப் போர்த்திக்கொள்கிறேன்.

உன்
சீலன்